பழம்பொறியும் வீட்டுக் கோப்புகளும்

ஒரு கருவி பழைமை அடைந்துவிட்டது என்பதற்கு இரு பொருள் உண்டு. அதன் உறுப்புகள் தேய்ந்து, செய்துவந்த தொழிலைச் செய்ய இயலாமற் போவது ஒன்று. உறுப்புகள் செவ்வையாக இருந்தும், அதனினும் விரைவான கருவி வந்துவிட்டமையால் உலகம் அதைக் கைவிடுவது மற்றொன்று. உழவனின் கலப்பையும் தச்சனின் உளியும் பெரும்பாலும் முதல் வகையிலேயே முதுமை எய்தின. கணிப்பொறியோ இரண்டாம் வகையில் முதுமை எய்துகிறது. ஐந்தாறு ஆண்டுகள் கழிந்ததும், வலுவோடு இருக்கும்போதே அது மூலையில் ஒதுக்கப்படுகிறது. பின்னர்க் குப்பையோடு சேர்கிறது.

இவ்வழக்கத்திற்கு மாறாக நடப்பவர் சிலர் மேனாடுகளில் உள்ளனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட யுனிக்ஸ் கணிப்பொறிகளை அவர்கள் தேடி வாங்குகின்றனர். தூசு துடைத்துப் பழுது நீக்குகின்றனர். வீட்டிலுள்ளோரின் படங்களையும் கடிதங்களையும் கணக்குகளையும் வைத்துக் காக்கும் கோப்பு வழங்கியாக அவற்றை இயக்குகின்றனர். கோப்பு வழங்கி என்பது யாது? ஒரு வீட்டில் பல கணிப்பொறிகள் இருப்பின், ஒவ்வொருவரும் தம் கோப்புகளைத் தனித்தனியே வைத்திராமல், ஒரு பொறியில் சேர்த்து வைத்துவிட்டு, வேண்டும்போது கம்பி வழியே எடுத்துக்கொள்ளலாம். பலர் விளைத்த நெல்லை ஒரே களஞ்சியத்தில் சேர்த்துவைத்து, வேண்டும்போது அளந்து பெறுவது போன்றது அது. அக்களஞ்சியத்தைக் காக்கும் தொழிலைக் கிழப்பொறி ஒன்றிடம் ஒப்படைக்கலாமா என்பதே கேள்வி. ‘வீண் வேலை’ என்று நகைப்போர் உளர். ‘அக்காலத்துப் பொறியின் உறுதி இக்காலத்துப் பொறிக்கு ஏது?’ என்று பெருமை பேசுவோரும் உளர். இரு சாராரும் பாதி உண்மையையே பேசுகின்றனர்.

யுனிக்ஸ் என்பது ஒரு பொறியின் பெயர் அன்று. பொறியை இயக்கும் அமைப்பின் பெயர். 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்து மரே ஹில் என்னும் இடத்திலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் அது தோன்றியது. அங்குப் பணியாற்றிய கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் புதிய இயக்க அமைப்பு ஒன்றை உருவாக்க விரும்பினர். அதற்கு ஏற்ற பொறி ஒன்றை வாங்கித் தருமாறு அவர்கள் விடுத்த வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. ஆகவே, பிறர் மிகுதியாகப் பயன்படுத்தாமல் விட்டிருந்த பிடிபி-7 என்னும் சிறு பொறியைத் தாம்சன் எடுத்துக்கொண்டார். அதன் நினைவகம் ஏறத்தாழ 18 கிலோபைட் அளவினது. இன்று கைப்பேசி எடுக்கும் ஓர் ஒளிப்படத்தின் சிறு பகுதியைக்கூட அதனுள் அடக்குதல் அரிது. அத்தகைய பொறியில் பிறந்த அமைப்பின் வழிவந்தனவே இன்று உலகின் பெரும்பாலான வழங்கிகளையும் கோடிக்கணக்கான கைப்பேசிகளையும் இயக்குகின்றன. பழம்பொறியை இகழ்வோர், ஒதுக்கப்பட்ட ஒரு பொறியிலேயே யுனிக்ஸ் பிறந்தது என்பதை மறந்துவிடுகின்றனர்.

1973-ஆம் ஆண்டு அவ்வமைப்பின் பெரும்பகுதி சி என்னும் நிரல்மொழியில் திருத்தி எழுதப்பட்டது. அதுவரை இயக்க அமைப்பு என்பது ஒரு குறிப்பிட்ட பொறிக்கே உரியதாய், அப்பொறி மறையும்போது தானும் மறைவதாய் இருந்தது. சி மொழியில் எழுதியதன் பயனாக யுனிக்ஸ் ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்குக் குடிபெயரும் ஆற்றல் பெற்றது. பெல் ஆய்வுக்கூடத்தின் உரிமையாளரான ஏடி அண்டு டி நிறுவனம், 1956-ஆம் ஆண்டு அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தொலைபேசித் தொழிலுக்கு அப்பாற்பட்ட வாணிகத்தில் இறங்க இயலாதிருந்தது. அதனால் யுனிக்ஸ் குறைந்த கட்டணத்தில் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றது. மாணவர்கள் அதன் உள்ளமைப்பைப் படித்தனர், திருத்தினர், வளர்த்தனர். கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த கிளை அவற்றுள் சிறந்தது.

அம்மாணவருள் ஒருவரான பில் ஜாயும், தில்லியில் பொறியியல் பயின்று அமெரிக்கா சென்ற வினோத் கோஸ்லாவும், ஆண்டி பெக்டோல்ஷைம், ஸ்காட் மெக்நீலி ஆகிய இருவரும் சேர்ந்து 1982-ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். வீட்டுக் கோப்பு வழங்கியைப் பற்றிய பேச்சில் இந்நிறுவனத்திற்குத் தனி இடம் உண்டு. 1984-ஆம் ஆண்டு அது என்எஃப்எஸ் என்னும் நெறிமுறையை வெளியிட்டது. வேறோர் அறையில் உள்ள பொறியின் வட்டு, தன் பொறியிலேயே இருப்பதுபோல் பயனருக்குத் தோன்றுமாறு செய்வது அது. கோப்பு அருகில் இருக்கிறதா தொலைவில் இருக்கிறதா என்று பயனர் எண்ண வேண்டுவதில்லை. இதனினும் சிறப்பு ஒன்று உண்டு. அந்நெறிமுறையை நிறுவனம் தன் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. பிற நிறுவனத்தார் செய்த பொறிகளும் பேசுமாறு அதன் இலக்கணத்தை எழுதி வெளியிட்டது. அதனால் விளைந்த நன்மை முப்பது ஆண்டுக்குப் பின்னும் நிற்கிறது. 1995-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட அதன் மூன்றாம் பதிப்பை இன்றைய லினக்ஸ் பொறியும் அறியும். சன் நிறுவனமோ இன்று இல்லை. 2010-ஆம் ஆண்டு ஆரக்கிள் நிறுவனம் அதை வாங்கிவிட்டது. நிறுவனம் மறைந்தும் அது பேசிய மொழி மறையவில்லை.

வீடுகளில் இயங்கும் பழம்பொறிகளுள் இந்நிறுவனத்தின் ஸ்பார்க்ஸ்டேஷன் 20 குறிப்பிடத்தக்கது. 1994-ஆம் ஆண்டு அது வெளிவந்தது. தட்டையான சதுரப் பெட்டி. மேசைமேல் காட்சித் திரையைத் தாங்கி நிற்கும் உயரமே உடையது. பீட்சா என்னும் அப்பத்தைக் கட்டித்தரும் பெட்டியைப் போல் இருந்தமையால், அப்பெயராலேயே அவ்வடிவத்தை வழங்கினர். அதன் நினைவகத்தை 512 மெகாபைட் வரை பெருக்கலாம். 1995-ஆம் ஆண்டு வெளிவந்த டாய் ஸ்டோரி, முழுவதும் கணிப்பொறியால் வரையப்பட்ட முதல் நெடும்படம். அதன் படங்களைத் தீட்டியவை இவ்வகைப் பொறிகள் 117. அன்று ஒரு திரைப்படத்தையே உருவாக்கிய பொறிக்கு, இன்று ஒரு குடும்பத்தின் கடிதங்களைக் காக்கும் ஆற்றல் இல்லை என்று கூறுவது பொருந்தாது.

ஆயினும் ஆற்றல் ஒன்றே காவலுக்குப் போதுமா? முதலில் விரைவைக் காண்போர் உண்டு. இப்பொறியோடு பிறந்த ஈதர்நெட் இணைப்பு நொடிக்கு 10 மெகாபிட் விரைவினது. நடைமுறையில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் செல்லும். ஒரு கடிதம் கண்ணிமைக்கும் முன் வந்து சேரும். நான்கு மெகாபைட் அளவுள்ள ஒளிப்படம் வர நான்கு நொடி ஆகும். இவ்வளவும் பொறுக்கத்தக்கதே. ஆனால், கைப்பேசி ஒன்றில் நிறைந்துள்ள 64 கிகாபைட் படங்களையும் அதில் சேர்க்க விரும்பினால், பதினேழு மணி நேரத்திற்கு மேல் காத்திருத்தல் வேண்டும். நூறு மெகாபிட் விரைவுள்ள அட்டையைச் செருகிக் குறையை ஓரளவு தீர்க்கலாம். எழுத்துகளைக் காக்க இப்பொறி தக்கது. அசையும் படங்களைக் காக்கத் தக்கதன்று.

மின்செலவைப் பற்றிய வாதம் இதனினும் வலிமையுடையது. பொறி ஒன்று 60 வாட் மின்சாரம் கொள்வதாக வைத்துக்கொள்வோம். இரவும் பகலும் இயங்கினால் ஆண்டிற்கு ஏறத்தாழ 526 யூனிட் செலவாகும். உள்ளங்கையில் அடங்கும் இன்றைய சிறு பொறி, 5 வாட் கொண்டு, அதே தொழிலை 44 யூனிட்டில் முடித்துவிடும். பழையதைப் பேணினால் இயற்கையைப் பேணியதாகும் என்று சிலர் கூறும் வாதம் இக்கணக்கின் முன் நிற்பதில்லை. ஆனால், வீட்டுக் கோப்பு வழங்கி இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும் என்று யார் விதித்தார்? நாள்தோறும் மாலையில் மூன்று மணி நேரம் மட்டும் இயக்கினால் ஆண்டிற்கு 66 யூனிட்டே ஆகும். சந்தை கூடும் வேளையில் கடை திறப்பது போன்றது அது. செலவைக் குறைக்கும் வழி, பொறியை எறிவது மட்டுமன்று. வேண்டாதபோது நிறுத்துவதும் ஆகும். அடிக்கடி நிறுத்தித் தொடங்குவதால் பழைய வட்டின் சுழலும் உறுப்புகள் நலிவுறும் என்பது உண்மை. அதற்கும் மாற்று உண்டு. பழைய ஸ்கசி இணைப்பில் பொருத்தத்தக்க சிறு பலகைகள் இன்று கிடைக்கின்றன. நகம் அளவான நினைவட்டை ஒன்றை அவற்றில் செருகினால், பொறி அதைத் தன் பழைய வட்டு என்றே எண்ணிக்கொள்ளும்.

இப்பொறிகளைப் பேணுவோர் எல்லாரும் ஒருநாள் சந்திக்கும் துன்பம் ஒன்று உண்டு. அது கதைபோல் சுவையானது. ஈதர்நெட் வலையத்தில் உள்ள ஒவ்வொரு பொறிக்கும் ஆறு எண்களாலான முகவரி வேண்டும். சன் நிறுவனத்தின் பொறிகளில் அது 8, 0, 20 எனத் தொடங்கும். அம்முகவரியும் நாளும் நேரமும் பொறியின் அடையாளமும் தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு சில்லில் பதிந்துள்ளன. மின்சாரம் நின்றாலும் மறவாதிருக்க அச்சில்லின் உள்ளேயே ஒரு லித்தியம் மின்கலத்தை வைத்து, நெகிழியால் மூடிவிட்டனர். மின்கலத்தின் ஆயுள் பத்து ஆண்டு அளவே. அதைச் செய்தோர், பத்து ஆண்டுக்குமேல் இப்பொறியை எவரும் வைத்திரார் என்று எண்ணினர் போலும்! மின்கலம் தீர்ந்ததும் பொறி தன் பெயரை மறக்கிறது. ஆண்டையும் திங்களையும் மறக்கிறது. கணக்கிடும் ஆற்றல் சிறிதும் குறையாதிருந்தும், தான் யார் என்று அறியாமல் திகைத்து நிற்கிறது. இது கண்டு பொறி கெட்டுவிட்டது என்று எண்ணி எறிந்தோர் பலர் இருத்தல் கூடும். அறிந்தோர் அதன் எண்களைக் கையால் எழுதி ஊட்டுவர். நிலையான தீர்வு வேண்டுவோர் சில்லின் மேல்மூடியை மெல்ல அராவி, உள்ளே உள்ள முனைகளைக் கண்டு, புதிய மூன்று வோல்ட் மின்கலத்தைக் கம்பியால் பற்றவைப்பர். பழைய பொறியோடு பழகுவதன் பயன் இங்கே விளங்குகிறது. இற்றை நாளைய பொறியில் இவ்வாறு உள்நோக்கித் திறந்து பார்க்க இடம் மிகக் குறைவு. திறந்து பார்த்தவனுக்கே, பொறியின் நினைவு என்பது மாயம் அன்று, ஒரு மின்கலத்தின் உயிர் என்பது புலப்படும்.

பாதுகாப்பைப் பற்றி மட்டும் இரக்கமின்றிப் பேசுதல் வேண்டும். இப்பொறிகளின் காலத்தில் வலையத்தில் இருந்தோர் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் நம்பினர். டெல்நெட் முதலிய வழிகளில் கடவுச்சொல் மறைப்பின்றித் திறந்த கடிதம்போல் கம்பியில் சென்றது. கடவுச்சொல்லை மறைத்துச் செல்லும் எஸ்எஸ்எச் என்னும் முறையைப் பின்லாந்து நாட்டின் டாட்டு யுலோனென் 1995-ஆம் ஆண்டே அமைத்தார். அன்று அமைத்த பூட்டுகள் சிலவற்றை இன்றைய மென்பொருள் பூட்டாகவே ஏற்பதில்லை. கதவு இல்லாத வீடுகள் நிறைந்த ஊர் நல்லதே. ஆயின் கள்வர் வந்த பின்னும் கதவின்றி வாழ்வது அறிவுடைமை ஆகாது. பல ஆண்டுகளாகத் திருத்தம் பெறாத பழைய இயக்க அமைப்பை இணையத்தில் நேரே திறந்து வைப்போர், தம் களஞ்சியத்தைத் தெருவில் கொட்டுவோரே ஆவர். வீட்டு எல்லைக்குள், வெளியுலகம் நேரே அணுகாத தனிக் கம்பியில் மட்டுமே அது இயங்கத் தக்கது.

சாம்பா என்னும் மென்பொருளின் வரலாறும் இதனோடு தொடர்புடையது. விண்டோஸ் பொறிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்எம்பி என்னும் மொழியை யுனிக்ஸ் பொறிக்குக் கற்பித்தது அது. ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் அதன் முதல் வடிவை எழுதினார். அதற்குப் பெயர் தேடியபோது, எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் அவ்வரிசையில் வரும் சொற்களைத் தெரிந்து தருமாறு யுனிக்ஸிடமே கேட்டார். அது தந்த பட்டியலில் இருந்தது சாம்பா என்னும் சொல். பெயர் வைக்கும் வேலையையும் பொறியே செய்துவிட்டது! ஆனால், எஸ்எம்பி மொழியின் முதற் பதிப்பில் இருந்த குறைவழியே 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் வான்னாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, மருத்துவமனைகளையும் முடக்கியது. அதே ஆண்டில் விண்டோஸ் தன் புதிய பதிப்பில் அம்முதற் பதிப்பை இயல்பாகச் சேர்ப்பதை விட்டது. எனவே, பழைய சாம்பாவை மட்டும் அறிந்த பொறியோடு புதிய விண்டோஸ் பொறி பேச மறுக்கும். அதைப் பேசவைக்க எண்ணிப் புதிய பொறியின் காவலைத் தளர்த்துவோர், பழைய நண்பனை வரவேற்பதற்காகக் கோட்டை வாயிலைத் திறந்து வைப்பவர் போன்றோர். இவ்விடத்தில் பழம்பொறியின் விருப்பம் ஏற்கத்தக்கதன்று.

இவை எல்லாவற்றினும் பெரியது கோப்புகளின் நிலை. தாத்தாவின் கையெழுத்தைப் படம் பிடித்த கோப்பு, குழந்தையின் முதற் பேச்சைப் பதிந்த கோப்பு ஆகியவற்றிற்கு விலை இல்லை. கடையில் மீண்டும் வாங்க இயலாது. முப்பது ஆண்டு ஓடிய வட்டு நாளையும் ஓடும் என்பதற்கு உறுதி ஏது? மின்தேக்கிகள் உலர்ந்து கசிகின்றன. மின்சாரம் திடீரென்று நின்றால், பழைய கோப்பு அமைப்பு அடுத்த முறை தொடங்கும்போது வட்டு முழுவதையும் சோதித்த பின்னரே எழும். சில வேளை எழாமலும் போகும். ‘அக்காலத்து உறுதி’ என்று பெருமை பேசுவோர், இடைக்காலத்தில் கெட்டு எறியப்பட்ட பொறிகளை எண்ணுவதில்லை. எஞ்சி நின்றவற்றை மட்டுமே எண்ணுகின்றனர். ஆதலின், ஒரே படியைப் பழம்பொறியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது அன்பு அன்று, கவனமின்மை. இரண்டாம் படி புதிய பொறி ஒன்றிலும், மூன்றாம் படி வேறு வீட்டிலும் இருத்தல் வேண்டும். உண்மையில் புதிய பொறிக்கும் இவ்விதி பொருந்தும். பழம்பொறி அதை நாள்தோறும் நினைவூட்டுகிறது என்பதே வேறுபாடு. இந்நினைவூட்டலுக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம் எனினும் மிகையாகாது. புதுப்பொறியை வைத்திருப்போர் அது கெடாது என்று நம்பிப் படி எடுக்க மறக்கின்றனர். பழம்பொறியை வைத்திருப்போரோ இன்றே கெடும் என்று அஞ்சிப் படி எடுத்துவிடுகின்றனர். மாறிய பகுதியை மட்டும் அனுப்பிப் படியெடுக்கும் ஆர்சிங்க் என்னும் கருவியை டிரிட்ஜெல்லும் பால் மெக்கரசும் 1996-ஆம் ஆண்டு வெளியிட்டனர். கம்பியின் விரைவு குறைந்த இடத்திலேயே அதன் அருமை தெரியும்.

காட்சிச் சாலையில் வைத்தால் போதாதா என்று வினவலாம். ஜெனீவாவை அடுத்துள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில், 1990-ஆம் ஆண்டு உலகின் முதல் இணையதள வழங்கியாகப் பணிபுரிந்ததும் யுனிக்ஸ் வழிவந்த ஒரு மேசைப்பொறியே. அதை எவரும் நிறுத்திவிடக் கூடாது என்று சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருந்தனர். அப்பொறி இன்று போற்றிக் காக்கப்படுகிறது, ஆயின் இயங்குவதில்லை. இயங்காத பொறி, ஒலியில்லாத வீணை. இயங்கும் பொறிகளைக் கொண்ட காட்சிச் சாலைகளும் இருந்தன. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் ஆலன் ஏற்படுத்திய உயிர்க் கணிப்பொறிக் காட்சிச் சாலையில், வந்தோர் பழம்பொறிகளின் முன் அமர்ந்து தம் கையால் இயக்கலாம். பிடிபி-7 பொறி ஒன்றும் அங்கே இருந்தது. ஆலன் 2018-ஆம் ஆண்டு மறைந்தார். 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது அதன் கதவுகள் மூடப்பட்டன. 2024-ஆம் ஆண்டு, மீண்டும் திறவா என்று அறிவிக்கப்பட்டது. பொருள்கள் சில ஏலத்திற்குச் சென்றன. ஒருவர் செல்வத்தை நம்பி நின்ற சாலை அவருக்குப் பின் நிலைக்கவில்லை. பல வீடுகளில் பலர் கையில் இயங்கும் பொறிகளை அவ்வாறு ஒரே நாளில் மூடிவிட இயலாது. நகைப்போர் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பொறியை நெடுங்காலம் வைத்திருக்கக் கருதுவோர் எந்த இயக்க அமைப்பை அதில் ஏற்றுவது என்பதையும் இப்போதே முடிவு செய்தல் நலம். ஸ்பார்க்ஸ்டேஷன் 20 பொறியை ஏற்ற கடைசிப் பதிப்பு சோலாரிஸ் 9. யுனிக்ஸ் 1970-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து நொடிகளை எண்ணிக் காலத்தை அறிகிறது. அப்பொறியில் அவ்வெண்ணிக்கைக்கு ஒதுக்கிய இடம் 32 பிட் அளவே. 2038-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள், உலகப் பொது நேரம் 3 மணி 14 நிமிடம் 7 நொடி ஆகும்போது அவ்விடம் நிறைந்துவிடும். மறுநொடியில் எண்ணிக்கை 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாளுக்குத் திரும்பும். அன்று எழுதும் கோப்பு, பாட்டனார் பிறக்கும் முன்னரே எழுதப்பட்டதாக நாள் காட்டும். 1993-ஆம் ஆண்டு முதல் தன்னார்வலர் வளர்த்துவரும் நெட்பிஎஸ்டி என்னும் அமைப்பும் இப்பொறியில் இயங்கும். அதன் ஆறாம் பதிப்பு 2012-ஆம் ஆண்டு வந்தபோதே, காலத்திற்கு ஒதுக்கும் இடத்தை 64 பிட் ஆக்கிவிட்டனர். அதை ஏற்றிய பொறி, மின்கலம் மட்டும் மாற்றப்பட்டிருக்குமானால், அம்மறுநொடியில் 3 மணி 14 நிமிடம் 8 நொடி என்றே காட்டும்.